இடது பக்கம் இன்னும் திறக்கலை

புது இயர்ஃபோனை நூறு மணி நேரம் ஓடவிட்டுப் பழக்க வேண்டுமா, வாங்கியதும் காதில் வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது என் முன்னால் பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். மரியாதைக்குக்கூட உட்காருவதில்லை. இவளுக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. நினைத்துக்கொள்ளட்டும். என் இடது காது அந்தப் பேச்சில்தான் போனது.

அம்மாவிடம் இப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார். “நோவு வந்துச்சு, காது போச்சு. அதுக்கு அந்த மனுசன் என்னா செய்வாரு?” என்பார். சரிதான். நோய் அவர் கொடுத்ததில்லை. ஆனால் வைத்தியம் பார்த்திருக்க வேண்டிய நாட்களில் பொறு, பொறு என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தவர் அவர். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் நானும் உட்கார்ந்தேன். இதை எழுதும்போதுகூட அவரைப் பிடிக்காது என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. போன வருடம் அவர் எண்ணுக்கு ஒருமுறை போன் போட்டேன். வேறு யாரோ ஒரு மலாய்க்கார அம்மா எடுத்தார்.

பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் அவர்மேல் புகார் எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

எங்கள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்தது. மலாய் நாடகங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பார்கள். தமிழ் நாடகங்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் போடுவார்கள். நான் சப்டைட்டில் எழுதுகிறவள். நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு, அழுகிற பெண்களும் கத்துகிற மாமனார்களும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். அவர் அங்கே ஒயர், மைக், கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துக்கொண்டவர். என்னைவிட எட்டு, பத்து வயது மூத்தவர். இஸ்திரி போட்ட சட்டை. பாக்கெட்டில் பேனா இருக்காது, சுருட்டி வைத்த இயர்ஃபோன் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். பண்டமாரானிலிருந்து பஸ் பிடித்து, கிள்ளான் ஸ்டேஷனில் கொமியூட்டர் ரயில் ஏறி, உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் புதிதாக வாங்கிய ஒரு மலிவு இயர்ஃபோன் பெட்டியைப் பிரித்தேன். எதிர் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது.

“அத இப்ப காதுல வைக்காதம்மா.”

பெட்டிக்குள் பூரான் ஏதும் கிடக்கிறதோ என்று எனக்குப் பகீரென்றது. ஏன் என்று கேட்டேன்.

“புதுசு.”

“அதுக்கு?”

“தோசக்கல்லு வாங்கிட்டு வந்ததும் தோச ஊத்துவியா? எண்ண தடவி, வெங்காயம் தேச்சு, நாலு நாள் பழக்கித்தானே ஊத்துவ? இதுக்குள்ள ஒரு சவ்வு இருக்கு. புதுசுல வெறப்பா இருக்கும். நூறு மணி நேரம் ஓட விட்டா எளகி வரும். இப்பவே கேட்டா உனக்கு இது மேல வெறுப்புதான் வரும்.”

“நீங்க யாருங்க?”

“உன் ஆபிஸ்தான். நேத்து உனக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்தேனே, அதுக்குள்ள மறந்துட்டியா?”

வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை அலுவலகத்தில் தன் மேசையிலிருந்த ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். டின்னுக்குள் பஞ்சு. ஒரு பழைய போனில் ஒயரைச் செருகி, இரைச்சல் மட்டும் உள்ள ஏதோ ஒன்றை ஓடவிட்டு மூடினார். காதை டின்னருகே வைத்தால் அடுப்பில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு சத்தம். மூடிமேல் வெள்ளை டேப் ஒட்டி, ஆரம்பித்த நாளையும் நேரத்தையும் எழுதினார். நாலு நாள் கழித்துத்தான் திருப்பித் தந்தார்.

அலுவலகத்தில் யார் புதிதாக வாங்கினாலும் அந்த டின்னுக்குள் போய்த்தான் வரும். புதுக் காடிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுகிற மாதிரி என்று கிண்டல் செய்வார்கள். அவர் கோபப்பட மாட்டார். டின்னைத் திறந்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்து, இயர்ஃபோனைக் காதில் வைத்து, கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். “மேல இன்னும் கூசுது” என்பார். “அடியில எறங்கல” என்பார். ஒரு பக்கம் சரியாக வரவில்லை என்றால் அந்தப் பக்கம் இன்னும் திறக்கலை என்பார். அந்த முகத்தைப் பார்த்தால் நாமெல்லாம் செவிடாகப் பிறந்துவிட்டோமோ என்று தோன்றும்.

இயர்ஃபோனோடு நின்றாலும் பரவாயில்லை. புதிது எதுவாக இருந்தாலும் அவருக்கு அதே கதைதான். கீழே தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் சாப்பாட்டுக் கடை ஒன்றைப் புதிதாகத் திறந்தார்கள். எல்லாரும் முதல் நாளே போய் ரொட்டி சானாய் தின்றுவிட்டுக் கல்லாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. “கை பழகட்டும் லா. ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்க முடியலியா?” என்றார். புதுச் செருப்பு கடித்து நொண்டி நொண்டி வருவார், கழற்ற மாட்டார். புது மேலாளர் ஒருவர் வந்து எல்லார் மேலும் எரிந்து விழுந்தபோதும் அவர் ஒருத்தர்தான் சிரித்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதத்தில் அந்த மேலாளர் தங்கமான மனுஷி ஆகிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நானும் அந்தக் கணக்கில் பிழைத்தவள்தான். சேர்ந்த முதல் மாதம் நான் எழுதியதில் நேரம் எதுவும் ஒத்துவராது. வாய் மூடிய பிறகு வசனம் வரும். மூன்று மாதம் முடிவதற்குள்ளேயே முதலாளி என்னை அனுப்பிவிட நினைத்தார். இவர் முதலாளி அறைக்குப் போய், “புதுசு பாஸ், கொஞ்ச நாள் ஓட விடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொன்னாராம். எனக்குச் சொன்னது முதலாளிதான், அதுவும் இரண்டு வருடம் கழித்து. இவர் அதைப் பற்றி ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு மனிதர் பொறு என்றால் நான் பொறுப்பேனா மாட்டேனா?

ஒரே ஒரு தடவைதான் அவர் முகம் மாறி நான் பார்த்தேன். டப்பிங் அறையில் ஒலிப்பதிவு செய்கிறவர் பெரிய குறும்புக்காரர். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறத்தில் இரண்டு இயர்ஃபோன் கொண்டுவந்து இவர் மேசையில் வைத்தார்.

“அண்ணே, ஒண்ணு நான் மூணு மாசம் ஓட்டினது. இன்னொண்ணு இப்பதான் பெட்டியில இருந்து எடுத்தது. எது பழகினது, எது புதுசுன்னு காதுல வச்சுச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் என் செலவு.”

எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றோம். அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். ஒன்றை எடுத்தார். மற்றதை எடுத்தார். காதில் வைக்காமலேயே இரண்டையும் மேசையில் வைத்துவிட்டார்.

“காதுக்கு என்னாத்துக்குப் பரீட்ச? போய் வேலையப் பாருங்க லா” என்றார்.

சிரித்துக் கலைந்தோம். சாயங்காலம் ரயிலில் சுபாங் ஜெயா ஸ்டேஷன் வரும்வரை அவர் தன் இயர்ஃபோனைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“தங்கச்சி, உனக்கு வித்தியாசம் கேக்கும்தானே? டின்னுக்குள்ள போறதுக்கு முன்ன, வந்ததுக்கு அப்பறம்?”

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்டதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? “நல்லாக் கேக்கும்ண்ணே. ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்” என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, “உனக்கு நல்ல காதும்மா. அது எல்லாருக்கும் அமையாது” என்றார். அன்றிலிருந்து எந்த இயர்ஃபோன் டின்னிலிருந்து வந்தாலும் அவர் கேட்டுவிட்டு என்னிடமும் ஒரு தடவை கொடுப்பார். நானும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து ஏதாவது சொல்லிவைப்பேன். விளையாட்டுப் போலத்தான் இருந்தது.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது.

காலையில் ரயிலில் இயர்ஃபோனை மாட்டினால் இடது பக்கம் மங்கலாகக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். வலது பக்கம்தான் அலறியது. பழைய இயர்ஃபோன்தானே, ஒயர் போய்விட்டது என்று முடிவுகட்டி, சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதும் குப்பைத்தொட்டியில் போட்டேன். அப்போது எனக்கு ஒரு நல்ல காலம் வருவதாக இருந்தது. தமிழ்க் குரல் பதிவு முடிந்த நாடகங்களைக் கடைசியாகக் கேட்டுச் சரிபார்க்கும் வேலைக்கு என்னைப் போடப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். எந்தக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றெல்லாம் கவனிக்க வேண்டிய வேலை. அதற்காகவே நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று அவரையே கூட்டிக்கொண்டு மறுநாள் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். காதுக்கு மேலே ஒயரை வளைத்து மாட்டுகிற வகை. என் தகுதிக்கு மீறிய விலைதான். பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார்.

டின்னுக்குக் கொடுக்கும் முன் ஆசை தாங்காமல் மாட்டிப் பார்த்தேன். இதிலும் இடது பக்கம் மங்கல்.

எனக்குக் கோபம் வந்ததே தவிரச் சந்தேகம் வரவில்லை. வியாழக்கிழமை காலை கிள்ளான் பிளாட்பாரத்தில் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அண்ணே, இவ்ளோ காசு குடுத்து வாங்கினது, இடது பக்கம் ஒண்ணுமே சரியில்ல. கேட்டுப் பாருங்க.”

அவர் விரலைத் துடைத்தார். மாட்டினார். கண்ணை மூடினார். அன்று வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கேட்டார். ஒரு ரயில் வந்து நின்று கதவு திறக்கும்வரை கேட்டார். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

“ஆமா” என்றார். “இடது பக்கம் இன்னும் திறக்கலை.”

“பழசுலயும் இடதுதான்ண்ணே போச்சு.”

“அதான் சொல்றேன். பழசுல ரொம்ப நாளா இடது பக்கம் கம்மியாக் கேட்டுக் கேட்டு உன் காதும் அதுக்குப் பழகிப் போயிருக்கும். இப்ப இதுவும் பழகணும், காதும் பழகணும். நூறு மணி நேரம் ஆகட்டும்.”

இவ்வளவு அழகாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? காது அடைத்த மாதிரி இருக்கிறது என்றேன். ரப்பர் புதுசு, இளகும் என்றார். உள்ளே ஏதோ ரீங்காரம் கேட்கிறது என்றேன். புதுச் சவ்வு அப்படித்தான் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், ஏழு நாள் முடிகிறது என்றபோது அவர் கிட்டத்தட்டக் கெஞ்சினார். “இன்னும் நூறு ஓட விடு தங்கச்சி. நல்ல பொருள இப்பக் குடுத்துட்டா வேற எவனோ கொண்டு போயிடுவான்.” அன்று போயிருந்தால் கடைக்காரர் தன் காதில் வைத்துப் பார்த்திருப்பார். நல்லாத்தானே இருக்கு என்று சொல்லியிருப்பார். நான் போகவில்லை.

டின்னிலிருந்து வந்தபோது இடது பக்கம் இன்னும் மோசமாகக் கேட்டது. “பின்னால போயிட்டுத்தான் முன்னால வரும்” என்றார்.

இயர்ஃபோன் இல்லாமல் இருக்கும்போதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். ஒரு காது நன்றாக இருந்தால் மனுஷனுக்கு எல்லாம் கேட்கிற மாதிரியேதான் இருக்கிறது. போனை நான் எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் சாலையைக் கடக்க நின்றேன். பார்வையற்றவர்களுக்காக டிக் டிக்கென்று ஒலிக்கிற சிக்னல் அங்கே உண்டு. எனக்கு இடது பக்கம் ஒரு அடி தூரத்தில்தான் அந்தக் கம்பம் இருந்தது. சத்தமோ வலது பக்கம் எங்கிருந்தோ வந்தது. பக்கத்தில் வெள்ளைக் கோலோடு நின்ற ஒருவர் என்னைத் தாண்டித் தைரியமாக நடந்து போனார். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன். மழைக்காலம், சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள். காலை நேரம். யாரோ என்னைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் அம்மா. அவர் வாய் அசைகிறது, சத்தமே இல்லை. டிவியில் ஒலியை நிறுத்திவிட்டதுபோல அம்மாவின் உதடுகள் மட்டும் ஆடுகின்றன. தலையணைக்குப் பக்கத்தில் போனில் அலாரம் மின்னி மின்னி அணைகிறது, அதுவும் ஊமை. எழுந்து உட்கார்ந்தேன். அந்த நொடியே அலாரம் வீடு அதிர அடித்தது. “கா மணி நேரமா அடிக்குது, செத்தவ மாதிரி கெடக்குற” என்று அம்மா கத்துவது கேட்டது.

நான் மறுபடி படுத்தேன். வலது காதைத் தலையணையில் அழுத்தினேன். எல்லாம் நின்றது. எழுந்தேன். எல்லாம் வந்தது. மூன்று தடவை அப்படிச் செய்தேன். அம்மா பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்தினேன், அழுத்தினேன். பிறகு இடது காதுக்கு ஆரம்பிக்கிறோம் என்றார்கள். காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் உள்ளே வந்ததும், எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று மலாயில் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. “முடிஞ்சிடுச்சு, அக்கா” என்றார் மெதுவாக.

எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். பதினெட்டு நாள் என்றேன். இது திடீரென்று வருவது, ஏன் வந்தது என்று பெரும்பாலும் தெரியாது, முதல் சில நாளிலேயே மருந்து ஆரம்பித்தால் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு என்றார். ஏன் வரவில்லை என்றார். என்ன சொல்வது? இயர்ஃபோன் பழகட்டும் என்று காத்திருந்தேன் என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தாலாவது நான் கோபப்பட்டிருப்பேன்.

மாத்திரை கொடுத்தார்கள். செவிப்பறை வழியாக ஊசி போட்டார்கள். அலுவலகத்துக்கு டாக்டர் தந்த எம்.சி. விடுப்புச் சீட்டை அனுப்பிவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பை மங்குஸ்தீன் பழத்தோடு அவர் வீட்டுக்கு வந்தார். எனக்குக் காய்ச்சல் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சோபாவில் என் இடது பக்கம் உட்கார்ந்தார்.

“இந்தப் பக்கம் வாங்கண்ணே. அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இடம் மாறி உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அலாரம், அந்தச் சின்ன அறை, பதினெட்டு நாள், முதல் சில நாள். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அம்மா கொண்டுவந்து வைத்த கோப்பியை அவர் தொடவில்லை. ஐயோ, உங்கள் தப்பில்லை என்று அவரைத் தேற்ற வேண்டியிருக்குமோ என்று எனக்குள் ஒரு எரிச்சல்கூட இருந்தது.

“தங்கச்சி” என்றார். “அன்னிக்கு பிளாட்பாரத்துல எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு.”

தூக்கிவாரிப்போட்டது எனக்கு.

“என்னா சொல்றீங்க?”

“இடது, வலது, ரெண்டும் ஒண்ணுதான். நல்லாத் தெளிவா இருந்துச்சு.”

“அப்பறம் ஏண்ணே திறக்கலைன்னீங்க?”

“நீ மங்கலா இருக்குன்னு சொன்னியே. உனக்கு நல்ல காது. எனக்கு எப்பவுமே ஒண்ணாத்தான் கேக்கும். புதுசும் ஒண்ணுதான், நூறு மணி நேரம் ஓடினதும் ஒண்ணுதான். மத்தவங்க எல்லாம் கேக்குதுன்றாங்க, நெட்டுல பக்கம் பக்கமா எழுதுறாங்க. என் காதுதான் மட்டம்னு நெனச்சிட்டேன். இருவது வருசமா யார்கிட்டயும் சொன்னதில்ல. நீயும் கேக்குதுன்ன. அப்ப உன் காத விட்டுட்டு என் காத நான் எப்படி நம்புவேன்?”

என்னைச் சுற்றி இருந்த எல்லாரிலும் இவர் ஒருத்தருக்கு மட்டும் அந்த வியாழக்கிழமை காலையே தெரிந்திருக்கிறது, இயர்ஃபோனில் ஒரு கோளாறும் இல்லை என்று. எனக்குச் சரியாத்தானே கேக்குது தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே கிளினிக்குக்குப் போயிருப்பேன். நான்காம் நாளே மருந்து உள்ளே போயிருக்கும். அவர் சொல்லவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று ரயிலில் ஒருநாள் நான் அளந்த பொய்யை நம்பி, தன் இரண்டு நல்ல காதையும் அவர் தள்ளிவைத்துவிட்டார்.

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும்போல இருந்தது.

“நீங்க கெளம்புங்கண்ணே” என்றேன்.

அவர் எழுந்தார். பழக்க தோஷம், வாசல்வரை கூடப் போனேன். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லோரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு உறுமியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று வீம்பு. லோரி போன பிறகு திரும்பினால் அவர் தன் காடிக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். போய்விட்டார்.

காது திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து டாக்டர் இனி ஊசி வேண்டாம் என்றார். சரிபார்க்கும் வேலை வேறு ஒருவருக்குப் போனது. நான் மறுபடி சப்டைட்டிலுக்குத் திரும்பினேன், ஒரு காதோடு. நான் திரும்பிப் போவதற்குள் அவர் வேலையை விட்டிருந்தார். மேசை காலியாக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லையாம். எனக்கு ஒரு மெசேஜ்கூட இல்லை. எவ்வளவு கல்நெஞ்சம் என்று நினைத்தேன். ஒரு காதைத் தொலைத்தவளிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கத் தோன்றவில்லையே இந்த மனிதருக்கு என்று கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் ஓட்டினேன்.

போன வருடம் ஒருநாள் சமையலறையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து அதே பல்லவியை ஆரம்பித்தேன். அம்மா கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டார்.

“நீ பேசாத. நான் வாசப்பக்கத்து ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அந்த மனுசன் கேட்டு கிட்ட நின்னு, மன்னிச்சிரு தங்கச்சி, மன்னிச்சிருன்னு ரெண்டு தடவ கேட்டாரு. கண்ணுல தண்ணியா ஊத்துது. நீ மூஞ்சியக்கூடத் திருப்பல. எம் பொண்ணு இப்படி ஒரு கல்லா ஆயிட்டாளேன்னு நானே உன்கிட்ட ரெண்டு நாள் பேசல. அது உனக்குத் தெரியுமா?”

சுத்தமாக ஒன்றும் புரியாததுபோல அம்மாவைப் பார்த்தேன்.

“அவர் எந்தப் பக்கம்மா நின்னாரு?”

“எந்தப் பக்கம்னா?”

“எனக்கு எந்தப் பக்கம் நின்னு கேட்டாரு?”

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எழுந்து, ஈரக்கையோடு என்னைச் சுற்றி வந்து, அன்று அவர் நின்ற இடத்தில் நின்று, என் இடது தோளைத் தொட்டார்.